கேம்ஸ்காமில் கூட்டாளி பிடிப்பது எப்படி

ஆகஸ்ட் கடைசியில் கேம்ஸ்காம் என்ற வீடியோ கேம் கண்காட்சிக்காக ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்கு வருகிறவர்களில் நிறைய பேர் இன்னும் வெளிவராத கேமைப் பத்து இருபது நிமிடம் தொட்டுப் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. வருஷம் முழுக்க அறைக்குள் உட்கார்ந்து முகம் தெரியாத பெயர்களோடு மட்டும் பேசி ஆடிவிட்டு, நமக்குப் பிடித்ததே பிடித்த ஒரு ஆள் எதிரே நின்று வாய்விட்டுப் பேசமாட்டாரா என்று ஏங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். ஊர் நாகர்கோவில் பக்கம். இங்கே ரைன் ஆற்றை ஒட்டிய ஒரு மருத்துவமனையில் செவிலியர். ராட்சத மிருகங்களை வேட்டையாடும் மான்ஸ்டர் ஹண்டர் கேமின் பைத்தியம். அண்ணனின் பழைய பிஎஸ்பியில், அதாவது சோனியின் கையடக்க கேம் கருவியில், அதன் ஒரு பாகமான 'ஃப்ரீடம் யுனைட்' ஆடத் தொடங்கியது. நாலு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து வேட்டையாட வேண்டிய கேம் அது. எங்கள் தெருவில் எனக்குத் தெரிந்து இருந்தது ஒரே ஒரு பிஎஸ்பி. மிச்ச மூன்று பேரைத் தேடித்தான் நான் கேம்ஸ்காமுக்குப் போகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேம்ஸ்காம் 2009-இலிருந்து கொலோனில் நடக்கிறது. அதற்கு முன் லைப்சிக் நகரில் வேறு பெயரில் ஒரு கேம் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. 2025-இல் வந்தவர்கள் 3,57,000 பேர் என்று ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள். இத்தனை பேர் நடுவில் நண்பர் கிடைப்பது சுலபம் என்று தோன்றும். அப்படி இல்லை. கூட்டம் பெருகப் பெருக ஒவ்வொருவரும் தன் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு தன் வழியில் ஓடுவார்கள். ஓடுகிறவரிடம் பேச்சுக் கொடுக்க முடியாது. நிற்கிறவரிடம்தான் முடியும். அதனால் ஆட்கள் எங்கெல்லாம் நிற்பார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

எந்த நாள்

புதன்கிழமை பெரும்பாலும் தொழில்துறையினருக்கும் ஊடகக்காரர்களுக்கும். நமக்கு வியாழன் முதல் ஞாயிறு வரை. டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிட வேண்டும். சனிக்கிழமைதான் முதலில் தீரும். தீரட்டும். சனிக்கிழமை ஹால்களுக்கு இடையிலான நடைபாதையில் நிற்கவே இடம் இருக்காது, பேசுவது எங்கே.

என் ஓட்டு வியாழனுக்கு. வேலை நாளில் லீவு போட்டுக்கொண்டு வருகிறவர் சும்மா வேடிக்கை பார்க்க வரமாட்டார். அவர் எதைப் பார்க்க வந்தார் என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவார். ஞாயிற்றுக்கும் ஒரு அழகு உண்டு. குழந்தைகளோடு குடும்பங்கள் வரும். ஸ்டாண்டில் நிற்கும் ஊழியர்கள் களைத்துப்போய், எழுதிக் கொடுத்த வசனத்தைக் கைவிட்டு, மனுஷராகப் பேசத் தொடங்கியிருப்பார்கள்.

கையில் காசு இருந்தால் அடுத்தடுத்த இரண்டு நாள் எடுங்கள். முதல் நாள் பார்த்த முகத்தை மறுநாள் தற்செயலாகப் பார்க்கும்போது, "அட, நீங்களா!" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொல்வீர்கள். அந்த இரண்டாவது சந்திப்பில்தான் நம்பரே மாறும்.

தங்குமிடம் கொலோனிலேயே வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். அந்த வாரம் ஹோட்டல் வாடகை தலைக்கு மேல் போகும். பான், டுசல்டார்ஃப், லெவர்கூசன் என்று சுற்றியுள்ள ஊர்களில் தங்கி ரயிலில் வரலாம். இதில் ஒரு லாபமும் இருக்கிறது. டார்ட்மண்ட், எஸ்ஸன், டுசல்டார்ஃப் பக்கமிருந்து வரும் ஆர்.இ. 1 ரயிலும் எஸ் 6 ரயிலும் கண்காட்சி வாசலுக்குப் பக்கத்து நிலையமான கொலோன் மெஸ்ஸே-டாய்ட்ஸிலேயே நிற்கும். காலை எட்டு மணிக்கு ஏறினால் பெட்டி முழுக்க முதுகில் அட்டை வாளும் தலையில் நீல விக்கும் வைத்தவர்கள். அந்த ரயில் தாமதமாக வருவது இந்தப் பகுதியில் யாருக்கும் புதிதல்ல. நடைமேடையில் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுங்கள் போதும், பேச்சு தொடங்கிவிடும். ரயில்வேயைத் திட்டுவதில் ஜெர்மானியருக்குக் கூச்சமே கிடையாது.

உடம்பில் ஒரு அடையாளம்

உங்களுக்கு எந்த கேம் பிடிக்கும் என்று எதிரே வருகிறவருக்கு ஐந்தடி தூரத்திலேயே தெரிய வேண்டும். காஸ்ப்ளே, அதாவது கேம் பாத்திரம்போல் வேஷம் போடுவது, அந்த அளவுக்குப் போகத் தேவையில்லை. பையில் ஒரு பேட்ச், கழுத்தில் ஒரு தொங்கட்டான், சட்டையில் ஒரு படம். ஆனால் பொதுவான படமாக இருக்கக்கூடாது. பெரிய கேமின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்ட சட்டையை ஆயிரம் பேர் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து யாரும் நிற்கமாட்டார்கள். அந்த கேமை ஆடியவருக்கு மட்டும் புரிகிற சின்ன விஷயம் ஒன்றைப் போடுங்கள். நான் பையில் ஹண்டிங் ஹார்ன் என்ற ஆயுதத்தின் உருவம் ஒன்றைத் தைத்து வைத்திருக்கிறேன். மான்ஸ்டர் ஹண்டர் தெரியாதவருக்கு அது ஏதோ வாத்தியம். தெரிந்தவர் தூரத்திலிருந்தே சிரித்துக்கொண்டு வருவார்.

இரண்டாவது, கொடுக்க ஏதாவது கையில் வைத்திருங்கள். இங்கே குழந்தைகள் பலகையில் அடுக்கி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டவைக்கும் பிளாஸ்டிக் மணிகள் கிடைக்கும், ஹாமா மணி என்பார்கள். பழைய பிக்சல் கேம் உருவங்களுக்கென்றே செய்ததுபோல் இருக்கும். இரவுப் பணி முடிந்து தூக்கம் வராத காலைகளில் உட்கார்ந்து கேமில் வரும் பூனைக் கூட்டாளியான பாலிகோவின் தலையாகச் செய்து குவித்துவிடுவேன். பின்புறம் ஒரு சின்ன ஸ்டிக்கரில், கேம் ஆடுகிறவர்கள் பேசிக்கொள்ளும் செயலியான டிஸ்கார்டில் என் பெயர். விசிட்டிங் கார்டு கொடுத்தால் வாங்கிப் பையில் போட்டு மறப்பார்கள், பூனையை வீட்டு மேசையில் வைப்பார்கள். மணி பிடிக்காதவர்கள் ஸ்டிக்கர் அச்சடிக்கலாம். விற்கப் பார்க்காதீர்கள். பதிலுக்கு எதிர்பார்த்தும் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, உங்கள் டிஸ்கார்ட் பெயர் அல்லது நிண்டெண்டோ சுவிட்ச் கருவியின் நண்பர் எண்ணை க்யூஆர் படமாக்கி போனின் பூட்டுத்திரையில் வைத்துவிடுங்கள். ஹாலுக்குள் பல நேரம் நெட்வொர்க் படுத்துவிடும். செயலியைத் திறந்து, சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் நிற்கும் நேரத்தில் வரிசை நகர்ந்து ஆள் பிரிந்துவிடுவார்.

பழைய நிண்டெண்டோ 3டிஎஸ் கையடக்கக் கருவி வீட்டில் கிடக்கிறதா? சார்ஜ் போட்டு ஸ்ட்ரீட்பாஸை இயக்கிப் பையில் போடுங்கள். 3டிஎஸ்ஸின் ஆன்லைன் சேவை 2024 ஏப்ரலில் நின்றுவிட்டது. ஆனால் ஸ்ட்ரீட்பாஸ் கருவிக்குக் கருவி நேராகப் பேசுவது, அதனால் இன்றும் வேலை செய்யும். பக்கத்தில் நடந்துபோகிற இன்னொரு 3டிஎஸ்காரரின் மீ பொம்மை, அதாவது அவரைக் குறிக்கும் கார்ட்டூன் உருவம், தானாக உங்கள் கருவிக்குள் வந்து உட்காரும். ஒரு தடவைக்குப் பத்துப் பேர்தான் திரையில் தெரியும் வாசலில் நிற்பார்கள். அவர்களை உள்ளே அழைத்தால்தான் அடுத்தவருக்கு இடம். அதனால் அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டும், எடுத்துப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவர் "நீங்களும் கொண்டுவந்திருக்கிறீர்களா" என்பார்.

மற்றபடி பெரிய பட்டியல் வேண்டாம். தண்ணீர், நன்றாகப் பழகிய ஷூ, காதில் வைக்கும் அடைப்பான், மடக்கு ஸ்டூல். ஸ்டூல் கட்டாயம். புது ஷூ போட்டுக்கொண்டு வருபவர்களின் குதிகாலைப் பார்த்தால் தொழில் புத்தி எனக்கு உடனே பிளாஸ்டரைத் தேடும். பையில் ஒரு பாக்கெட் எப்போதும் இருக்கும். கொப்புளத்துக்கு பிளாஸ்டர் கொடுத்தே இரண்டொரு சிநேகிதம் பிடித்திருக்கிறேன், இதையும் ஒரு உத்தியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வரிசை

இங்கேதான் விஷயமே இருக்கிறது. கேம்ஸ்காமில் பெரிய கேம் என்றால் மணிக்கணக்கில் வரிசை. காலை பத்து மணிக்குக் கதவு திறந்ததும் ஓடிப்போய் நின்றால்கூடத் தப்ப முடியாது. 2024-இல் மான்ஸ்டர் ஹண்டர் வைல்ட்ஸ், 2025-இல் ஹாலோ நைட் சில்க்சாங் என்று எல்லோரும் ஆசைப்படுகிற ஒன்று ஒவ்வொரு வருஷமும் இருக்கும். ஊடகங்களில் இந்த வரிசையை ஒரு கொடுமையாக எழுதுவார்கள். எனக்கு அது கல்யாணப் பந்திக்குக் காத்திருக்கிற மாதிரி. சாப்பாடு எப்படியும் வரும், பேச்சு நடப்பது அதற்கு முன்னால்தான். யோசித்துப் பாருங்கள்: ஒரே கேமுக்காக மூன்று மணி நேரம் நிற்கத் தயாரான ஒருவர் உங்களிடமிருந்து ஒரு முழம் தூரத்தில், வேறு எங்கும் போக முடியாமல் நிற்கிறார்.

ஆகவே எந்த கேம் நன்றாக இருக்கும் என்று பார்த்து வரிசையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எந்த கேமின் ஆட்களோடு வருஷம் முழுக்கப் பேச ஆசை என்று பார்த்து நில்லுங்கள். கூட்டாகச் சேர்ந்து ஆடும் கேம்களின் வரிசையில் பேச்சு தானாக வரும். தனி ஆளாக ஆடும் கதை கேம்களின் வரிசையில் கொஞ்சம் கூச்சம் அதிகம், ஆனால் ஒருமுறை உடைந்துவிட்டால் பேச்சு ஆழமாகப் போகும். கால்பந்து கேம் வரிசை நண்பர்கள் கூட்டமாகவே வருகிற இடம், வெளியாள் நுழைவது கஷ்டம்.

வரிசைக்குப் போகும் முன் வயதுப் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் கேம்களுக்கு வயது முத்திரை கொடுக்கும் அமைப்பு யுஎஸ்கே. 12, 16, 18 என்று வயதுக்கு ஏற்ப வேறுவேறு நிறப் பட்டையைக் கையில் கட்டிவிடுவார்கள். 18 வயதுக்கு மேற்பட்டோருக்கான கேம்கள் வெளியிலிருந்து பார்க்க முடியாதபடி நாலு பக்கமும் அடைத்த அரங்குக்குள் இருக்கும். தலை நரைத்திருந்தாலும் பட்டை இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். பாஸ்போர்ட்டோ, பிறந்த தேதி உள்ள வசிப்பு அட்டையோ கையில் இருக்கட்டும்.

இப்போது பேச்சு. முதல் பத்து நிமிடம் யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். ஜெர்மானியர்கள் லிஃப்ட்டில் நிற்பதுபோல் நேரே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அது வெறுப்பு இல்லை, அவர்கள் வழக்கம். அவசரப்பட்டு "ஹலோ, நான் இன்னார், இந்தியாவிலிருந்து" என்று ஆரம்பித்தால் நீங்கள் எதையோ விற்க வந்தவர் என்று நினைப்பார்கள். ஸ்டூலை விரியுங்கள், உட்காருங்கள். வரிசை முதல்முறை நகரட்டும். நகரும்போது எல்லோரும் பை, பாட்டில், ஸ்டூல் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு நாலடி நடந்து திரும்ப வைப்பார்கள். அந்த அபத்தத்தில் எல்லோரும் ஒருமுறை சிரிப்பார்கள். அப்போது பேசுங்கள்.

என்ன பேசுவது? "இந்த கேம் உங்களுக்குப் பிடிக்குமா" என்று கேட்காதீர்கள். பிடிக்காமலா நிற்கிறார். "எவ்வளவு நாளாக ஆடுகிறீர்கள்" என்பதும் வேண்டாம், அது நேர்முகத் தேர்வு மாதிரி ஆகிவிடும், புதிதாக வந்தவர் கூசிப்போவார். ஒவ்வொரு கேமுக்கும் அதன் ஆட்கள் கேட்டுக்கொள்ளும் ஒரு கேள்வி இருக்கிறது. மான்ஸ்டர் ஹண்டருக்கு அது "உங்கள் ஆயுதம் எது?" 2013-இல் வந்த நாலாம் பாகத்திலிருந்து ஆயுத வகை பதினான்கு. ஒவ்வொருவரும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள். கேட்ட உடனே முகம் மாறும். கிரேட் ஸ்வோர்ட்காரர் பொறுமைசாலி, அடிக்க ஒரு நொடிக்காகக் காத்திருப்பார். லாங் ஸ்வோர்ட்காரரைக் கேலி செய்ய மற்ற பதின்மூன்று பேரும் ஒன்று சேர்வார்கள். ஹார்ன் என்று நான் சொன்னால் "உங்களை மாதிரி ஆள் எங்கள் அணிக்கு வேண்டும்" என்று உடனே வரும், ஊதி ஊதி மற்றவர்களுக்கு பலம் ஏற்றுகிற ஆயுதம் அது. ஆஸ்பத்திரியிலும் அதே வேலைதானே என்று கிண்டல் செய்வார்கள்.

உங்கள் கேமுக்கும் அப்படி ஒரு கேள்வி உண்டு. போகிமானில் "முதல் மூன்றில் எதை எடுத்தீர்கள்", சண்டை கேம் என்றால் "உங்கள் ஆள் யார்", எல்டன் ரிங் மாதிரி கேம் என்றால் "எந்தப் பெரிய எதிரியிடம் மாட்டிக்கொண்டு நின்றீர்கள்". தோற்ற கதை கேளுங்கள். ஜெயித்த கதையைச் சொல்பவர் கேட்பவரை மறந்துவிடுவார், தோற்ற கதைக்கு எதிராளியும் ஒரு கதை வைத்திருப்பார்.

மொழி பற்றிப் பயம் வேண்டாம். பக்கத்து நாடுகளான நெதர்லாந்து, பெல்ஜியம், பிரான்ஸிலிருந்தெல்லாம் வருகிறார்கள், ஆங்கிலம் ஓடும். ஜெர்மன் தெரிந்தால் முன்பின் தெரியாதவர்களையும் 'டூ' (நீ) போட்டே பேசுங்கள். டாக்டரிடம் பேசுவதுபோல் 'ஸீ' (நீங்கள்) போட்டால் இந்தக் கூட்டத்தில் எல்லோரும் விநோதமாகப் பார்ப்பார்கள்.

அடுத்தது கழிவறை. சிரிக்காதீர்கள், இதைவிடப் பெரிய வாய்ப்பு வரிசையில் கிடையாது. "இடம் பார்த்துக்கொள்கிறீர்களா, வந்துவிடுகிறேன்" என்று முன்னாலும் பின்னாலும் நிற்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஸ்டூலை அங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். உங்கள் ஸ்டூலை நாலடி நாலடியாக நகர்த்திக்கொண்டு வந்தவர் உங்களுக்கு இனி அந்நியரில்லை. திரும்பி வரும்போது அவருக்கும் சேர்த்து ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி வாருங்கள். பிறகு அவர் போவார், நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள். கழிவறைக்கும் வரிசை என்று தண்ணீரே குடிக்காமல் நிற்பவர்களை நான் நிறைய பார்க்கிறேன். ஆகஸ்ட் வெக்கையில், அடைத்த ஹாலில், காலையிலிருந்து எனர்ஜி டிரிங்க் மட்டும் குடித்து நிற்பவருக்கு மயக்கம் வரத்தான் செய்யும். உதடு வெளுத்து, வியர்த்து, பேச்சு நின்றுபோனால் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, ஸ்டாண்ட் ஊழியரைக் கூப்பிடுங்கள்.

வரிசை முடிந்து, கேமையும் ஆடி முடித்து, வெளியே வருகிற அந்த ஐந்து நிமிடத்தை எல்லோரும் வீணடிக்கிறார்கள். மூன்று மணி நேரம் பேசியவர்கள் வெளிச்சத்துக்கு வந்ததும் "சரி, பை" என்று போய்விடுகிறார்கள். உள்ளே போவதற்கு முன்பே சொல்லிவைத்துவிடுங்கள்: "வெளியே வந்ததும் அந்தத் தூண் பக்கம் நிற்கிறேன், எப்படி இருந்தது என்று பேசுவோம்." ஆடி முடித்த சூட்டில் யாருக்கும் பேசாமல் இருக்க முடியாது. அங்கேயே க்யூஆரை நீட்டுங்கள். பூனையை அப்போது கொடுங்கள்.

பத்தாம் ஹால் மாடி

பெரிய நிறுவனங்களின் வெளிச்சமும் சத்தமும் ஒத்துவராதவர்கள் நேரே 10.2-க்கு ஏறிவிடுங்கள். இண்டி அரீனா பூத், அதாவது சின்னக் குழுக்கள் சொந்தமாகச் செய்யும் இண்டி கேம்களின் பகுதி, அங்கே இருக்கும். சின்னச் சின்ன மேசைகள், ஒவ்வொரு மேசையிலும் ஒரு கேம், பக்கத்தில் அதைச் செய்தவரே நிற்பார். அவர் காலையிலிருந்து ஒரே விளக்கத்தைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டி நிற்பார். ஆடிவிட்டு ஒரே ஒரு குறிப்பான விஷயம் சொல்லுங்கள்: "அந்தக் கதவு திறக்கும் சத்தம் நன்றாக இருந்தது." சூப்பர், அருமை என்பதெல்லாம் அவர் காதில் ஏறாது. கதவு ஏறும். பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தவரும் திரும்பிப் பார்ப்பார், மூன்று பேர் பேசத் தொடங்கியிருப்பீர்கள்.

நம் ஆட்களுக்கு இங்கே ஒரு துருப்புச் சீட்டு இருக்கிறது. 2023-இல் வந்த 'வெண்பா'. டொரோன்டோவில் உள்ள விசை கேம்ஸ் செய்த கேம், 1980-களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையல் கதை. இண்டி கேம் ரசிகர்களிடம் நான் தமிழ் பேசுகிறவள் என்று சொன்னால் இதை ஆடியவர் யாராவது ஒருவர் "அந்த இட்லிப் பானை!" என்று குதிப்பார். அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பை வைத்து இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்று கண்டுபிடிப்பதுதான் அதன் முதல் புதிர். ஒரு ஜெர்மன் பையன் தட்டுகளை ஏன் ஒன்றன்மேல் ஒன்று குழி மாற்றி வைக்கவேண்டும் என்று எனக்கே விளக்கினான். நான் முழுவதும் கேட்டேன், தடுக்கவில்லை. ஒருவர் ஆசையாகச் சொல்லும்போது "அது எனக்குத் தெரியுமே" என்று வெட்டாதீர்கள்.

பழைய கேம் கருவிகளுக்கான ரெட்ரோ பகுதிக்கும் போங்கள். கமடோர் 64, அமிகா போன்ற பழைய வீட்டுக் கணினிகள், பின்பால் இயந்திரங்கள். அதைக் கொண்டுவந்து வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய கிளப்காரர்கள், காட்டுவதற்கென்றே வந்தவர்கள். கேட்டால் மூடியைத் திறந்து உள்ளே காட்டுவார்கள். தனியாக வந்து, யாரிடமும் பேச வராமல் தவிக்கிற கூச்சக்காரர்களுக்கு நான் சொல்லும் முதல் இடம் இதுதான். இங்கே பேச்சை நீங்கள் தொடங்கவே தேவையில்லை. இரண்டு பேர் ஆடும் பழைய கேம் எதிரே காலி நாற்காலியில் உட்காருங்கள், யாராவது மற்றதில் வந்து உட்காருவார்.

காஸ்ப்ளேக்காரர்களோடு

அவர்களோடு பேச எல்லோருக்கும் ஆசை, பேசத் தெரிந்தவர் குறைவு. கேட்காமல் படம் எடுக்காதீர்கள். ஜெர்மனியில் ஒருவரின் படத்தை அவர் சம்மதமில்லாமல் வெளியிடுவது சட்டப்படியே தவறு. தொடாதீர்கள், கவசம், விக், இறக்கை எதையும். சாப்பிட்டுக்கொண்டோ கவசத்தைச் சரிசெய்துகொண்டோ இருந்தால் விட்டுவிடுங்கள். நடைபாதை நடுவில் நிறுத்தாதீர்கள், பின்னால் நூறு பேர் முட்டுவார்கள்.

பேச ஆரம்பித்தால் "அழகாக இருக்கிறீர்கள்" வேண்டாம். "இந்தத் தோள்பட்டையை எதில் செய்தீர்கள்?" என்று கேளுங்கள். ஈவா ஃபோம் என்ற நுரைத் தகடா, வொர்ப்லா என்ற சூட்டில் வளையும் பிளாஸ்டிக்கா, எப்படிச் சூடுபடுத்தி வளைத்தார், எங்கே உடைந்தது, நேற்று ராத்திரி ஹோட்டலில் எதை ஒட்டினார் எல்லாம் வரும். நீங்களே வேஷம் போட்டு வருவதானால் ஆயுத விதிகளை முன்கூட்டியே படித்துவிடுங்கள். வாசலில் பையையும் பார்ப்பார்கள், வாளையும் பார்ப்பார்கள்.

தமிழ்க் குரல் கேட்டால்

இந்த மாநிலத்தில் ஈழத்தமிழர் நிறைய பேர் இருக்கிறார்கள், ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் இங்கிருந்து ரயிலில் போகிற தூரம்தான். அவர்கள் பிள்ளைகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், கேம்ஸ்காமுக்கும் வருவார்கள். தங்களுக்குள் ஜெர்மனில் பேசிக்கொண்டிருப்பார்கள், திடீரென்று ஒரு "டேய் இஞ்ச வா" கேட்கும். திரும்பிச் சிரித்தால் போதும். "அக்கா, நீங்கள் இந்தியாவோ?" என்று கேட்பார்கள். அவர்கள் தமிழ் எப்படி இருக்கிறது என்று கருத்துச் சொல்லாதீர்கள், எங்கே பிறந்தாய், அப்பா அம்மா எந்த ஊர் என்று விசாரணையும் வேண்டாம். வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு அலுத்துப்போன கேள்விகள் அவை. என்ன கேம் ஆடுகிறீர்கள் தம்பி என்று கேளுங்கள். அதற்குத்தானே எல்லோரும் வந்திருக்கிறோம்.

சாயங்காலம்

பகலில் கிடைத்த ஆட்களைச் சாயங்காலம் ஒன்று சேர்ப்பதில்தான் சாமர்த்தியம். மதியமே இடமும் நேரமும் சொல்லிவிடுங்கள், நெட்வொர்க்கை நம்பாதீர்கள். தெற்கு வாசல் என்று மட்டும் சொல்லாதீர்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்து வாசல் என்பதால் எல்லோரும் அங்கேதான் யாரையோ தேடிக்கொண்டு நிற்பார்கள். குறிப்பிட்ட ஒரு கம்பம், ஒரு கடை வாசல் சொல்லுங்கள்.

என் இடம் டாய்ட்ஸ் பக்கத்து ஆற்றங்கரைப் படிக்கட்டு. கண்காட்சியிலிருந்து நடந்தே போகலாம். எதிர்க்கரையில் 157 மீட்டர் உயரத்துக்கு கொலோன் தேவாலயம், நடுவில் ரைன். காசு எதுவும் கொடுக்க வேண்டாம். வழியில் ஒரு பூட்ஷெனில், அதாவது இங்குள்ள பெட்டிக்கடையில், ஆளுக்கொரு பாட்டில் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தால் இருட்டும் வரை பேசலாம். பெரும்பாலான பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட் டெபாசிட் உண்டு. நீங்கள் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை என்றால் குப்பைத்தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் வையுங்கள், எடுத்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

யாராவது மதுக்கூடத்துக்குக் கூப்பிட்டால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கொலோனின் கோல்ஷ் பீர் 0.2 லிட்டர் ஒல்லிக் கண்ணாடிக் குவளையில் வரும். காலியானால் கேட்காமலே அடுத்தது வந்து உட்காரும். போதும் என்றால் குவளைக்கு அடியில் வைத்த அட்டையை எடுத்து அதன் மேல் மூடி வைக்க வேண்டும், வாயால் சொன்னால் நிற்காது. நான் ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த அப்ஃபெல்ஷோர்லே குடிப்பவள். அதற்காக யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பெண்களுக்குத் தனியாக: முதல் நாள் பழக்கத்தில் எந்த ஹோட்டல், எந்த அறை என்று சொல்லவேண்டாம். வெளிச்சமும் ஆட்களும் உள்ள இடத்திலேயே சந்தியுங்கள். வெளியூரில் இருக்கும் நம்பிக்கையான ஒருவருக்கு எங்கே இருக்கிறோம் என்று போனில் இருப்பிடத்தைப் பகிர்ந்து வையுங்கள். ஒருவர் பேச்சு உறுத்தினால் காரணம் சொல்லத் தேவையில்லை, "எனக்கு ரயில் இருக்கிறது" போதும். என் அனுபவத்தில் தொல்லைப்படுத்துகிறவர்கள் குறைவு. ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

கூச்சக்காரர்கள், அதாவது நம்மில் பெரும்பாலோர், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இருபது நிமிடம் யாரோடும் பேசாமல் இருங்கள். ஹாலை விட்டு வெளியே வந்து காற்றாட உட்காருங்கள். காதடைப்பானைப் போடுங்கள். மதியம் மூன்று மணிக்கு எரிச்சலாக வந்தால் உங்களுக்கு ஆட்கள் ஒத்துவரவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பசியாகத்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு

இரண்டு நாளுக்குள் செய்தி அனுப்புங்கள். அதற்குமேல் போனால் அவருக்கு உங்கள் முகமும் இன்னும் இருபது பேர் முகமும் கலந்துவிடும். வெறும் "ஹாய், சந்தித்ததில் மகிழ்ச்சி" என்றால் பதில் வராது, வந்தாலும் ஒரு சிரிப்புப் பொம்மையோடு முடியும். எங்கே சந்தித்தோம், என்ன பேசினோம், அடுத்து எப்போது ஆடுவோம், மூன்றும் ஒரே செய்தியில் இருக்கட்டும். நான் அனுப்புவது இப்படி: "வியாழக்கிழமை வரிசையில் உங்கள் ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு வந்த ஹார்ன்காரி நான். நீங்கள் மாட்டிக்கொண்டதாகச் சொன்ன அந்த வேட்டைக்கு வரும் செவ்வாய் இரவு எட்டரைக்குப் போகலாமா? இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறது."

தேதி முக்கியம். "எப்போதாவது ஆடலாம்" என்று இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டு அடுத்த ஆகஸ்ட் வந்துவிடும். என் பணி அட்டவணை மாதத்துக்கு மாதம் மாறுவது, அதனால் அட்டவணை கைக்கு வந்த அன்றே எங்கள் குழுவில் என் ஓய்வு நாட்களைப் போட்டுவிடுவேன். ப்ரீமனில் இருந்து ஒருத்தி, நெதர்லாந்திலிருந்து அப்பாவும் மகனுமாக இரண்டு பேர், நான். அந்தப் பையனுக்கு மறுநாள் பள்ளி என்பதால் பத்து மணிக்கு முடித்துவிடுவோம். ஒருவருக்கு வேலை வந்தால் மூன்று பேராகப் போவோம்.

செய்தி அனுப்பியும் பதில் வராதவருக்கு இன்னொரு முறை அனுப்புங்கள், ஒரு வாரம் கழித்து. நிறைய பேர் கண்காட்சி முடிந்து இருமலும் காய்ச்சலுமாகப் படுத்திருப்பார்கள். லட்சக்கணக்கான பேர் ஒரே கன்ட்ரோலரைத் தொட்ட கையால் முகத்தைத் தொட்டால் வேறு என்ன ஆகும். அதனால் கை கழுவுங்கள் மக்களே, ஒவ்வொரு டெமோவுக்குப் பிறகும்.